ஜீவனாம்ச வழக்குக்கான தாள்கள்

ஜீவனாம்சம் கேட்டுக் குடும்ப நல நீதிமன்றம் செல்லும் பெண்கள், மனுவுக்குக் காட்டும் அக்கறையைச் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்துக்கும் காட்ட வேண்டுகிறேன். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் இரு தரப்புக்கும் கட்டாயமாக்கிய அந்தப் பத்திரத்தில், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, நகைக் கடன் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, ரசீது நகல்களையும் இணையுங்கள். அலைக்கழிந்து நிற்கும் ஒரு தாயிடம் இத்தனை தாள்களைக் கேட்பது எனக்கும் வருத்தமே. ஆனால் வழக்கு முடியும்வரை கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான் முடிவாகிறது.

விவாகரத்து வழக்கும் நடத்துபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: வாய்தாவுக்கு வராததால் தள்ளுபடியான விவாகரத்து மனுவை மீண்டும் கோப்புக்கு எடுத்து விசாரிக்கக் கோர 30 நாள்தான் அவகாசம். அது கடந்திருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். உடல்நலக் குறைவே காரணமென்றால், தேதியிட்ட மருத்துவச் சான்றும் வேண்டும்.