உறுமாதே என்றேன், அவள் உறுமுவதை நிறுத்திவிட்டாள்

எங்கள் நாய் மின்னிக்கு ஆறு வயது நடக்கும்போது நாங்கள் வீடு மாறினோம். அடுத்த மூன்று வாரத்தில் புது வீட்டு வாசற்கதவின் கீழ்ப்பகுதியைப் பிறாண்டியே நார் நாராக்கிவிட்டாள். வெளியே போய்த் திரும்பினால் கூடத்தில் சிறுநீர். குட்டியாக வந்த முதல் சில மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு நாளும் அப்படிச் செய்யாதவள். நான் வாசலில் நின்றபடியே கத்துவேன். அவள் காதுகளைப் பின்னால் மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “பாருங்கள், செய்த தப்பு அவளுக்கே தெரிகிறது” என்று அம்மாவிடம் சொல்வேன்.

அது தப்பை உணர்ந்த முகம் இல்லை, பயந்த முகம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். தொடக்கூடாது என்று சொல்லி வைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. உரிமையாளர் திட்டினால், தின்னாத நாயும் அதே முகத்தைத்தான் காட்டியது. மூன்று வாரமாக, தனிமையில் நடுங்கிக் கிடந்தவளை வீட்டுக்கு வந்ததும் நான் இன்னொரு முறை நடுங்க வைத்திருக்கிறேன்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. சோபாவில் படுத்திருக்கும்போது இடுப்புப் பக்கம் தொட்டால் மெல்ல உறுமுவாள். உறுமும்போதெல்லாம் அதட்டினேன். இரண்டே வாரத்தில் உறுமல் நின்றது. பழக்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மாலை ஈரத்துடன் வந்தவளின் பின்னங்காலைத் துண்டால் துடைக்கப் போனேன். சத்தமே இல்லாமல் திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வினாள். பல் பதிந்தது, தோல் கிழியவில்லை. கவ்விய உடனே விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாய் உறுமுவது ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்வது. அதைத் தண்டித்தால் எச்சரிக்கைதான் போகும், அதற்குக் காரணமான வேதனை அப்படியே இருக்கும். இதை எனக்குச் சொன்னவர் மறுநாள் நாங்கள் பார்த்த கால்நடை மருத்துவர். பழக்கவழக்கம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் செய்தது உடம்பைச் சோதித்ததுதான். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தம், பிறகு எக்ஸ்ரே. இடுப்பு மூட்டில் தேய்மானம் இருந்தது. “இந்த வயதில் திடீரென்று மாறுகிற நாயை முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்றார். இடிச் சத்தத்துக்கும் புதிதாகப் பயப்படுகிறாள் என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 20 நாய்களை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு. தசை, மூட்டு வலி இருந்த நாய்களுக்குச் சத்தத்தின் மேல் பயம், வலி இல்லாத நாய்களைவிட ஏறத்தாழ நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது உடம்பு இறுகுகிறது, வலிக்கிற இடம் இன்னும் வலிக்கிறது, பிறகு அந்தச் சத்தமே வலியோடு சேர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

வலி என்று தெரிந்ததும் அம்மா தன்னுடைய மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டார். அன்பில் கேட்டதுதான். ஆனால் நமக்கான ஐபுபுரோஃபென், பாராசிட்டமால் எல்லாம் நாய்க்கு விஷமாகக்கூடியவை. மருத்துவர் எழுதிய மருந்தைத் தவிர எதுவும் வேண்டாம்.

அவர் எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். வீட்டில் சாதாரணமாக இருக்கும்போதும், நாங்கள் வெளியே போன பிறகும் மின்னியை வீடியோ எடுக்கச் சொன்னார். என் கண்ணைத் திறந்தது அந்த வீடியோக்கள்தான். ஒன்றில் நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறேன். நேரில் சிரித்த முகமாகத் தெரிந்தவள், வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறு ஒருத்தி. வாயை இறுக்க மூடிக்கொள்கிறாள். நாக்கு சட்டென்று வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகிறது. கொட்டாவி விடுகிறாள். தலையை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டுவதால் வெள்ளை விழி பிறை போலத் தெரிகிறது. முன்னங்கால் ஒன்று லேசாகத் தூக்கியபடி நிற்கிறது. நான் கையை எடுத்ததும், நனையாத உடம்பை நனைந்ததுபோல ஓர் உதறு உதறுகிறாள். இருபது நொடிக்குள் இத்தனையும். அந்த மருத்துவமனையின் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும், பதற்றத்திலும் வியர்க்கும்.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு கொட்டாவிக்கும் பயப்பட வேண்டாம். தூங்கி எழுந்தால் கொட்டாவி வரும், சாப்பிட்டால் வாயை நக்கும், வெயிலில் ஓடினால் மூச்சு வாங்கும். காரணம் இல்லாத இடத்தில் வருகிறதா, இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்தால் போதும். பிடித்த தீனியைக்கூட வாங்க மறுத்தால் பதற்றம் நிறையவே ஏறியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேமரா இன்னொன்றையும் காட்டியது. நாங்கள் கதவைச் சாத்திய பிறகு பதற்றம் தொடங்கவில்லை. நான் சாவியைக் கையில் எடுத்த நொடியிலேயே மூச்சிரைப்பு தொடங்கிவிட்டது. அதனால் பயிற்சியும் சாவியில் தொடங்கியது. சாவியை எடுப்பேன், எங்கும் போகாமல் உட்கார்ந்து ஏதாவது வாசிப்பேன். செருப்பைப் போடுவேன், அடுப்படிக்குப் போவேன். சாவிச் சத்தத்துக்கு அவள் தலையைத் தூக்காமல் இருக்க ஒன்பது நாள் ஆனது. அப்புறம் கதவு. வெளியே போய் ஐந்து நொடியில் திரும்பி வருவது, அவள் பதறுவதற்கு முன்னால் வந்துவிடுவது, அவ்வளவுதான் கணக்கு. முதல் வாரம் எட்டு நொடி. மூன்றாவது வார முடிவில் நாற்பது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன்.

நொடிகளை எண்ணுவதில் பெரிய கஷ்டம் இல்லை. பயிற்சி நடக்கும் காலத்தில் அவளால் தாங்க முடிகிற நேரத்துக்கு மேல் தனியாக விடவே கூடாது, அதுதான் கஷ்டம். அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். இரண்டு பேரும் சேர்ந்து எங்கும் போகாமல் மாதங்கள் போயின. வீட்டில் ஒருவரே இருந்தால் இது எவ்வளவு பாரம் என்று எனக்குப் புரிகிறது. உதவி கேட்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது மாதம் நான்கு நிமிடத்தைத் தொட்டபோது ஒரு ராத்திரி முழுக்க இடி. மறுநாள் பத்து நொடிகூடத் தாங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். மருத்துவர் அப்போதுதான் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற மருந்தைத் தொடங்கினார். தனியாக விடப்படும்போது நாய்களுக்கு வரும் பிரிவுப் பதற்றத்துக்கு அமெரிக்காவில் 2007-லேயே ஒப்புதல் பெற்ற மருந்து. மருந்து என்றால் அவளை மயக்கிப் போடுவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பசி கொஞ்சம் குறைந்தது, இரண்டு வாரத்தில் சரியானது. பலன் தெரிய ஆறு வாரம் ஆனது. பதற்றம் கொஞ்சம் இறங்கிய மனதில்தான் பயிற்சி ஏறுகிறது என்பதை அந்த நோட்டிலேயே பார்த்தேன்.

இடி இடிக்கும்போது தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் வளர்ந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். பயம் அப்படி வளராது. அவள் வந்து ஒட்டிக்கொண்டால் தடவுகிறேன், மேசைக்கு அடியில் போனால் போர்வையைப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். வெளியே இழுப்பதில்லை. நடைக்குப் போகும்போதும் இப்போது நீளமான கயிறு. அவள் ஒரே புல்லைப் பத்து நிமிடம் முகர்ந்தாலும் நிற்கிறேன். முன்பு தூரத்தைக் கணக்கு வைத்து இழுத்துக்கொண்டு நடந்தவன் நான்.

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியிலும் உரிமையாளர்களின் முடியிலும் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனின் அளவைப் பார்த்து 2019-இல் வெளியிட்டிருந்தார்கள். நீண்டகால அளவு இரண்டு பேருக்கும் சேர்ந்தே ஏறி இறங்கியது. வீடு மாறிய அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அதனால் கதவுப் பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் அவள் பக்கத்தில் தரையில் சும்மா உட்காருவது என் பழக்கமாகிவிட்டது.

இப்போது பத்து மாதம் ஆகிறது. மூன்று மணி நேரம் வரை தனியாக இருக்கிறாள். இடுப்பைத் தொட்டால் மறுபடியும் உறுமுகிறாள், நான் உடனே கையை எடுத்துவிடுகிறேன். அடுத்த மாதம் மருந்தை மெல்லக் குறைக்கத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சட்டென்று நிறுத்தக்கூடாது. அலமாரிக்குப் போயிருந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.