எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்?

ஹை-ஃபை கண்காட்சியில் டெமோ அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த புதிதில், வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துவைப்பதும் என் பொறுப்பாக இருந்தது. நான் வேலை பார்க்கும் நிறுவனம் விலை கூடிய ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் இறக்குமதி செய்து ஜெர்மனியிலுள்ள கடைகளுக்குக் கொடுக்கிறது. மே மாதம் மியூனிக்கில் நடந்துவந்த ‘ஹை எண்ட்’ கண்காட்சிதான் எங்களுக்கு வருஷத்தின் பெரிய நாட்கள். 2004 முதல் 2025 வரை அது நகரின் வடக்கே எம்ஓசி அரங்கில் நடந்தது. யு6 ரயிலில் போய் கீஃபர்ன்கார்ட்டனில் இறங்கி நடக்க வேண்டும். கீழ்த்தளத்தில் பெரிய கூடங்கள், மேல் தளங்களில் கண்ணாடி முகப்பு வைத்த அறைகள். எங்கள் அறை மேலே.

குறிப்பேட்டில் விழுந்த அபிப்பிராயங்களைப் படித்தால் தலை சுற்றும். ஒரே பாட்டு, ஒரே கருவி, ஒரே அரைமணி நேரம். ஒருவர் “பாஸ் தாங்க முடியவில்லை” என்பார், தாழ்ந்த சுரங்களைத்தான் அப்படிச் சொல்கிறார். அவருக்கு முன் வரிசையில் இருந்தவர் “பாஸ் போதவில்லை” என்பார். ஒருவருக்குப் பாடகி எதிரே நின்று பாடியது போல இருக்கும், இன்னொருவருக்குப் பெட்டிக்குள் அடைபட்டது போல. விற்பனைப் பிரிவில் இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கு அது சமாதானமாக இல்லை. காசு செலவழித்து, வரிசையில் நின்று, வாயை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டவர் ஒன்று சொல்கிறார் என்றால் அதில் விஷயம் இருக்கத்தான் வேண்டும். அதனால் ஒவ்வொரு அபிப்பிராயத்துக்கும் பக்கத்தில், சொன்னவர் எந்த வரிசையில், எந்த நாற்காலியில் இருந்தார், மணி என்ன என்பதையும் எழுத ஆரம்பித்தேன். அதன் பிறகு அந்தக் குறிப்பேடு எனக்கு நன்றாகப் புரிந்தது. வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காதில் விழுந்ததைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்ததில் பெரும்பங்கு அறையினுடையது. பழியும் புகழும் மட்டும் பெட்டிக்குப் போகிறது.

அறையின் நீளம் சுமார் 6 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் 28.6 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு நிலையலை, அதாவது சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி சேர்ந்து ஓரிடத்திலேயே நிற்பது போன்ற அலை, உருவாகும். அதன் இரண்டு மடங்கான 57-இல் ஒன்று, மூன்று மடங்கான 86-இல் ஒன்று. நிலையலை சுவரோரத்தில் பெருக்கும், சில இடங்களில் அடியோடு காணாமல் போகும். 57 ஹெர்ட்ஸ் காணாமல் போகும் இடங்களில் ஒன்று, பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால். இரண்டாவது வரிசை நாற்காலிகளை நாங்கள் போட்டிருந்தது கிட்டத்தட்ட அங்கேதான். பாஸ் கிதாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த வரிசைக்காரர்களுக்கு அந்தச் சுரம் மட்டும் வற்றிப்போய்க் கேட்கும். சுவரில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதே சுரம் வயிற்றைக் கலக்கும். இருவர் சொன்னதும் சரி. இருவரும் ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லித்தான் கருத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

இடக்கோடியில் உட்கார்ந்தவர்கள் எழுதியதிலும் இப்படி ஓர் ஒழுங்கு இருந்தது. “மேடை விரியவில்லை”, “பாடகி இடது பெட்டியிலேயே நிற்கிறார்.” மேடை என்பது பாடகரும் வாத்தியங்களும் எதிரே பரந்து நிற்பது போலக் காதுக்குத் தோன்றும் வெளி. இடது ஸ்பீக்கர் ஒரு மீட்டர் கிட்டே இருந்தால் அதன் ஒலி 3 மில்லி நொடி முன்னதாக வந்து சேரும். முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அங்கிருந்துதான் எல்லாமே வருகிறது என்று காது முடிவுகட்டிவிடும். பின்னால் வருவது கொஞ்சம் உரக்கவே இருந்தாலும் அந்த முடிவு மாறாது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் காட்டியது இதைத்தான். நடு நாற்காலி ஒன்றே ஒன்று. மற்ற நாற்காலிகளில் இருப்பவர்கள் கேட்பது வேறொரு கச்சேரி. ஆனாலும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே நேரம் காத்திருந்துதான் உள்ளே வருகிறார்கள். இது எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது. அதனால் பாட்டு முடிந்ததும் நாற்காலி மாறி உட்காரச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

மணியை எழுதியதில் கிடைத்தது இன்னொன்று. காலையில் “மென்மை”, “நிதானம்” என்று வரும் சொற்கள், மாலை நான்கு மணி வாக்கில் “உயிரோட்டம்”, “அசத்தல்” என்று மாறும். கருவிகள் சூடேறி நன்றாகப் பாட ஆரம்பித்துவிட்டன என்று உற்பத்தியாளர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நான் பார்த்தவரை முக்கியமான காரணம் வால்யூம். பக்கத்து அறையின் முழக்கம் சுவரைத் தாண்டி வரும், நாங்கள் ஒரு புள்ளி ஏற்றுவோம், அவர்களும் ஏற்றுவார்கள். ஒலி தாழ்ந்திருக்கும்போது காது பாஸைக் குறைத்துத்தான் வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். ஆகவே வால்யூமை ஏற்றினால் பாஸும் நிரம்பியது போல இருக்கும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிட்டுக் காட்டும்போது ஒன்று ஒரே ஒரு டெசிபெல் உரக்க இருந்தாலும், “இது உரக்க இருக்கிறது” என்று யாரும் சொல்வதில்லை. “இது தெளிவாக இருக்கிறது, திறந்த ஒலி” என்பார்கள். அதனால் ஒப்பீடு என்று வந்தால் ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்துச் சமன் செய்யாமல் நான் பாட்டுப் போடுவதில்லை. ஒரு டெசிபெல் என்பது வோல்டேஜில் 12 சதவீதம். அதைச் சரிசெய்யப் பிடிப்பது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை விட்டுவிட்டு ஒருவருடைய சேமிப்பைச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை.

கண்ணும் கேட்கிறது. ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-இல் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நான்கு ஸ்பீக்கர்களை ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும், ஒரு முறை கண்ணுக்குத் தெரியவைத்தும் கேட்கச் செய்தார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண்கள் மாறின. தோற்றமும் பெயரும் விலையும் உள்ளே புகுந்தன. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். திரைக்கு இப்பாலிருந்து கேட்டவர்கள் அந்த மாற்றத்தைப் பிடித்தார்கள். பார்த்துக்கொண்டு கேட்டவர்களுக்கு அது அவ்வளவாகப் படவில்லை. எங்கள் அறையில் ஒரு ஜோடி லட்சம் யூரோவைத் தாண்டும். உள்ளே வந்ததும் பலர் முதலில் கேட்பது விலை. கேட்டு முடித்த பிறகு சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே தள்ளிப்போடுவேன். சிலருக்கு அது பிடிக்காது. விலை தெரியாமல் கேட்டவர்களின் பேச்சில் பாட்டைப் பற்றிய சொற்கள் கூடுதலாக இருக்கும் என்பதுதான் நான் கண்டது.

ஒரு வருஷம் சனிக்கிழமை பிற்பகல். கூட்டம் நெரிந்தது, நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வயதான ஒருவர் பின்சுவரோடு ஒட்டி நின்றார். பக்கத்தில் மகன். பாட்டு முடிந்து ஆட்கள் எழுந்ததும் என் சட்டையிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“தம்பி தமிழோ?”

“ஆமாங்க ஐயா, தஞ்சாவூர்ப் பக்கம்.”

“இதிலை மிருதங்கம் கேக்கேலுமோ? மகன் கொண்டு வந்திருக்கிறான்.”

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜெர்மனியின் ரூர் பகுதியில் குடியேறியவர். வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார். மகன் நீட்டிய யூஎஸ்பியில் ஒரு தனி ஆவர்த்தனம் இருந்தது. உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்று மறுபடியும் பின்சுவரிடமே போய் நின்றார். பாட்டு ஓட ஓட அவர் வலது கை தொடையில் தாளத்தோடு போய்க்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ சரியில்லை என்ற குறி. நடுவில் நான்கைந்து அடி வைத்து முன்னால் வந்தார், நின்றார், திரும்பப் பின்னால் போனார், மறுபடி ஒரு மீட்டர் தூரம் முன்னால் வந்து அங்கேயே நின்றுகொண்டார். மிருதங்கத்தின் வலப்பக்க முகம் வலந்தலை, இடப்பக்க முகம் தொப்பி; சாப்பு வலந்தலையில் விழும் ஓர் அடி, கும்கி தொப்பியில் எடுக்கும் சறுக்கொலி.

“வலந்தலை நல்லாயிருக்கு தம்பி. சாப்பு வெட்டி விழுது. தொப்பியிலை கும்கி எடுக்கேக்கைதான், கையை எடுத்தாப் பிறகும் ஒரு சத்தம் நிண்டுகொண்டிருக்கு. அது மிருதங்கத்தின்ரை சத்தமில்லை.”

“ரெக்கார்டிங்லயே அப்படி இருக்குமோ ஐயா?”

“வீட்டிலை இப்பிடிக் கேக்கேல்லை. சுவரடியிலை நல்லாத் தெரியுது, இஞ்சை குறையுது.”

நான் அவர் நின்ற இடத்தைப் பார்த்தேன். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர். 6 மீட்டர் அறையில் 86 ஹெர்ட்ஸ் நிலையலை அழுத்தமற்றுப் போகும் இடங்களில் அது ஒன்று. கண்காட்சி தொடங்குமுன் புதன்கிழமை மைக்கை வைத்து அளந்தபோது 86-ஐ ஒட்டி வரைபடத்தில் ஒரு சிறு மேடு, அணைய நேரமெடுக்கும் ஒரு வால் இருந்தது. பாஸ் கிதாரிலும் பியானோவிலும் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. கும்கியில் தெரியும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தொப்பியை அழுத்தி இழுக்கும்போது சுரம் சறுக்கிக்கொண்டே ஏறுகிறது. அந்தச் சறுக்கலில் 86-ஐக் கடக்கும் கணத்தில் அறை அதைப் பிடித்துக்கொள்கிறது, சுரம் மேலே போன பிறகும் விடுவதில்லை. வாழ்நாள் முழுக்கக் கும்கி எடுத்த கைக்கு அந்தச் சத்தம் எந்தக் கணத்தில் நிற்க வேண்டும் என்று தெரியும். வலந்தலைக்கும் அதேதான். கரணை என்ற கருப்புப் பசை அப்பிய அந்தத் தோலின் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன என்று சி.வி.ராமனும் அவரோடு சேர்ந்தவரும் 1920-இல் எழுதினார்கள். மற்ற பல முழவுகளுக்கு இல்லாத தெளிவான சுருதி அதற்கு உண்டு. அது கொஞ்சம் பிசகினாலும் தேர்ந்த காது விடாது.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் சகஊழியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்களை நகர்த்தினோம். முன்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 86 ஹெர்ட்ஸுக்கு அழுத்தம் சுழியம். ஸ்பீக்கரை அங்கே நிறுத்தினால் அதனால் அந்த நிலையலையைக் கிளப்ப முடியாது. ஒவ்வொன்றும் இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்கக் கஷ்டமான எடை. அடியில் துணியைக் கொடுத்து இழுத்து, லேசர் அளவியால் தூரத்தைப் பார்த்து, கம்பளத்தில் டேப் ஒட்டி, உள்நோக்கித் திருப்பும் கோணத்தைச் சரிபார்த்து முடிக்க இரவாகிவிட்டது. அளந்து பார்த்தோம். வால் குட்டையாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்வரிசைக் குறிப்புகளில் “பாஸ் அதிகம்” என்பது சட்டென்று குறைந்துவிட்டது. “இந்த வருஷ மாடலில் மாற்றம் செய்திருக்கிறார்களா?” என்று சனிக்கிழமையும் வந்து போயிருந்த ஒருவர் கேட்டார். மாற்றியது இடத்தை மட்டும்தான் என்றதும் அவர் எழுந்து போய்க் கம்பளத்திலிருந்த டேப்பைக் குனிந்து பார்த்தார்.

அந்த ஐயா போல இன்னொருவரும் நினைவிலிருக்கிறார், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்பவர். கருவியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பதிவில் ஒரு கட்டைக்குரிய மூன்று தந்திகளில் ஒன்று லேசாக இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த அறைக்குக் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

போனிலேயே பாட்டுக் கேட்டுப் பழகிய ஓர் இளம் ஜோடி வந்தது. நடு நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரு குரலைக் கேட்டார்கள். முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே போய், குரல் வந்த வெற்றிடத்தில் கையை நீட்டிப் பார்த்தாள். நடுவில் இன்னொரு ஸ்பீக்கர் ஒளிந்திருக்கிறதா என்று கேட்டாள். ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த ஸ்டீரியோ வித்தை இது, இரண்டு காதுக்கும் சமமாக வந்தால் மூளை குரலை நடுவில் நிறுத்துகிறது என்று சொன்னேன். இதற்கு லட்சம் யூரோ வேண்டியதில்லை, வீட்டில் சிறிய ஸ்பீக்கர் இரண்டை வைத்து, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் நீங்களும் முக்கோணமாக உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னேன். விலை கூடியவை தருவது என்னவென்றும் எனக்குத் தெரியும். உரத்த இடத்தில் திணறாத நிதானம், தாழ்ந்த சுரங்களின் வீச்சு. அதை வேண்டுகிறவர்களுக்கு அது மெய்யான மகிழ்ச்சி. அவர்களுக்காக உழைப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்தப் பெண்ணுக்கு அன்று வேண்டியிருந்தது முக்கோணம்.

2026 முதல் கண்காட்சிக்கு இடம் வியன்னா. ஆஸ்ட்ரியா சென்டர் கட்டடம், வேறு அறைகள், வேறு நீளங்கள். நீங்கள் இப்படிப்பட்ட எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், பல வருஷம் கேட்டுப் பழகிய ஒரு பதிவைக் கையோடு எடுத்துப் போங்கள். டெமோ போடுகிறவரிடம் தயங்காமல் கொடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். ஒரே பாட்டை நடு நாற்காலியில் ஒரு முறை, பின்சுவரோரம் ஒரு முறை, ஓரமாக ஒரு முறை கேளுங்கள். வால்யூமைக் குறைத்துப் போடச் சொல்லி, குரல் அப்போதும் எதிரே நிற்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் உங்கள் வீட்டு அறையின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அந்த அறையில் இதை எங்கே வைக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.