துரையைக் குத்தகைக்கு விடுவதா?

ஜனவரி 7, 2024, ஞாயிறு

பழையகோட்டை சந்தையிலிருந்து நேராக நம் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள், க.பரமத்தி பக்கத்துக் கணவனும் மனைவியும். இரண்டு வருடமாய் மாடு சேர்க்கிறார்களாம். 14 உருப்படி, எல்லாம் காங்கேயம். காளைதான் இல்லை. சந்தையில் பார்த்த எதுவும் மனசுக்குப் பிடிக்காமல், யாரோ எங்கள் காளை துரையைப் பற்றிச் சொல்ல, தேடி வந்திருக்கிறார்கள்.

விலைக்குக் கேட்டிருந்தால் "இல்லைங்க" என்று அப்போதே சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்டது ஆறு மாதக் குத்தகை. மாதம் 7,000 ரூபாய், தீவனமும் வண்டி வாடகையும் அவர்களுடையது. கிடாரிக் கன்றை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்க்க விடுவது எங்கள் பக்கம் உண்டு. நிலம், தென்னை எல்லாம் குத்தகைக்குப் போகும். பூச்சிக்காளையை, அதாவது சேர்க்கைக்கு விடும் பொலிகாளையை, குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வாசலில் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்பா வாயே திறக்கவில்லை. அவர்கள் வண்டி ஏறிப் போன பிறகு, "அந்தப் பையன் முதல்ல மாட்டோட காலைப் பாத்தான், அப்புறந்தான் கொம்பைப் பாத்தான்" என்றார். அப்பாவின் வாயிலிருந்து இது பெரிய சான்றிதழ்.

ஜனவரி 9, செவ்வாய்

நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். போன வருடம் துரையிடம் வந்த வெளி மாடுகள் 61. ஒரு சேர்க்கைக்கு 700 ரூபாய் என்று 42,700 வந்திருக்கிறது. துரைக்குத் தீவனச் செலவு, சோளத்தட்டு நம் காட்டிலேயே விளைந்தாலும், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு எல்லாம் சேர்த்து நாளைக்கு 150. வருடத்துக்கு 54,000-ஐத் தாண்டுகிறது. ஆக, காளை தன் சாப்பாட்டுக்கே முழுதாகச் சம்பாதிப்பதில்லை. குத்தகைக்கு விட்டால் 42,000 கையில் வரும், அரை வருடத் தீவனம் 27,000 மிச்சம். அந்த அரை வருட வெளி மாட்டு வரும்படி போனதைக் கழித்தாலும் ஏறக்குறைய 48,000 நிற்கும். கிணற்று மோட்டார் போன ஐப்பசியில் இருந்து முனகிக்கொண்டிருக்கிறது.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. துரையின் மகள்கள். 2019 சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் பல் போடாத கன்றாக வாங்கி வந்தோம். இப்போது கடைப்பல் வரை முளைத்துக் கடை சேர்ந்துவிட்டான். 2021-ல் பிறந்த அவனுடைய முதல் மூன்று கிடாரிகளும் இன்றைக்கோ நாளைக்கோ பருவத்துக்கு வரும் நிலையில் நிற்கின்றன. பிறந்தபோது மூன்றும் செங்கல் நிறம், ஆறு மாதத்தில் மயிலையாக, சாம்பல் நிறமாக, மாறியதை நாள் நாளாகப் பார்த்தவள் நான். அப்பனே மகளைச் சேர்ந்தால் பிறக்கிற கன்றில் முக்கால்வாசி ரத்தம் அந்த ஒரே காளையுடையதாகிவிடும். எலும்பு சிறுத்து, சினை தள்ளி, பத்து வருடத்தில் பட்டியே உட்கார்ந்துவிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை காளையை மாற்று என்று சொல்வது இதற்காகத்தான்.

எப்படியும் துரை இந்தக் கட்டுத்தரையை விட்டுக் கொஞ்ச காலம் போயாக வேண்டும். எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி.

ஜனவரி 16, செவ்வாய், பட்டிப் பொங்கல்

சாணியால் கரை கட்டித் தெப்பக்குளம் செய்து, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் போட்டு, மாடுகளைத் தாண்ட விட்டோம். துரைக்குக் கொம்பில் எண்ணெய் மட்டும், சாயம் பூச அப்பா விடமாட்டார். "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று பிள்ளைகள் தட்டு அடித்துக்கொண்டு சுற்றினார்கள்.

அப்புறம் இலையில் பொங்கல் வைத்து உட்கார்ந்திருந்தபோது, "ஏங் கண்ணு, குத்தகை என்னாச்சு?" என்று அப்பாவாகவே ஆரம்பித்தார்.

"இன்னும் முடிவு பண்ணலைங்கப்பா."

"காளை போறதுல ஒண்ணுமில்ல அம்மிணி. திரும்பி வருதே, அதுதான். எதைச் சுமந்துட்டு வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

இரவு முழுக்க அதுவேதான் ஓடுகிறது. என் கணக்கு நோட்டில் போகும் நாளுக்கு வரி இருந்தது, வரும் நாளுக்கு இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

க.பரமத்தி போய் வந்தோம். கிளுவை வேலி நெருக்கமாய் இருக்கிறது, கொறங்காட்டில், அதான் மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம், நடுவில் நாலைந்து வெள்வேல மரம். மாடுகள் மினுமினுப்பாய் இருந்தன. மனசு பாதி சாய்ந்துவிட்டது.

நான் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டேன். வெளி மாட்டுக்குத் துரையை விடுவீர்களா? மாட்டார்களாம். பட்டியில் அவிழ்த்து விடுவீர்களா, கட்டிச் சேர்ப்பீர்களா? கட்டித்தான். வாரத்துக்கு மூன்று சேர்க்கைக்கு மேல் கூடாது என்றேன், தலையாட்டினார். 500 கிலோ மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள் என்றதற்கு அவருடைய மாமனாரைக் காட்டினார். நல்ல மனிதர், மாட்டோடு பேசுகிறவர்.

கிளம்பும் நேரத்தில், கடைசி வரிசையில் நின்ற ஒரு மாட்டின் மேல் கண் போனது. மடி வற்றிக் கிடந்தது, கன்றும் இல்லை. கேட்டேன். அவர் பேசுமுன் அந்தப் பெண் சொன்னார்: "ஏழாம் மாசத்துல கன்னு வீசிருச்சுங்கக்கா. கார்த்திகையில."

மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை.

ஜனவரி 24, புதன்

டாக்டரிடம் பேசினேன். ஏழாம் மாதத்தில் கன்று வீசினால், அதாவது கரு கலைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது புரூசெல்லா என்ற கிருமி என்றார். அது பெரும்பாலும் பரவுவது வீசின கன்று, நஞ்சுக்கொடி, அந்தக் கழிவு பட்ட புல், தண்ணீர் வழியாக. காளையால் பரவுவது அதைவிடக் குறைவு. ஆனால் காளைக்கே வந்துவிட்டால் விதை வீங்கி, பொலிக்கு உதவாமல் போய்விடும். மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது. நம் கிடாரிகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் போடும் தடுப்பூசி போட்டிருக்கிறது. ஆண் கன்றுக்கு அந்த ஊசி கிடையாது. துரைக்கு எந்தக் காப்பும் இல்லை என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மனிதருக்கும் தொற்றும், கை உறை இல்லாமல் கன்று எடுக்காதே, காய்ச்சாத பாலைக் குடிக்காதே என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

வேறு கிருமிகளும் உண்டாம். காளையின் குறியை மூடிய தோலுக்குள் தங்கி, காளைக்கு ஒன்றும் செய்யாமல், சேரும் மாட்டையெல்லாம் சினை நிற்கவிடாமல் அடிப்பவை. வருடத்துக்கு 61 வெளி மாடுகளை அனுமதித்துக்கொண்டிருந்தேனே, ஒரு தடவையாவது யோசித்தேனா?

துரைக்கும் நம் 11 மாடுகளுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. க.பரமத்திக்காரர்களையும் அவர்கள் மாடுகளுக்கு எடுக்கச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் சரி என்றார்கள். மாதிரி நோய் புலனாய்வுப் பிரிவுக்குப் போயிருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

விடிகாலை நாலு மணிக்குத் துரையின் சத்தம். சாதாரணமாகக் கத்துகிற சத்தம் இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. டார்ச் அடித்தால் முன்னங்காலால் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருக்கிறான். கழுத்து, திமில் எல்லாம் கருகருவென்று வேர்த்து நிற்கிறது. மூக்கை மேலே தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, காற்றை இழுக்கிறான். அவன் பார்த்த திசையில் மூத்த கிடாரி நின்றிருந்தாள். வால் ஒரு பக்கமாய் ஒதுங்கி, கண்ணாடிப் பசை போல ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் மகள்தான். அவனுக்கு அது தெரியவா போகிறது.

கட்டுக்கயிற்றில் ஒரு புரி அறுந்து தொங்கியது. நானும் அப்பாவும் கிடாரியை அவிழ்த்து வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினோம். அப்பா துரையின் பக்கத்தில் போய், தாடைக்குக் கீழே கை கொடுத்து, "இர்றா, இர்றா சாமி" என்று விடியும் வரை நின்றார். 74 வயது அவருக்கு. எனக்குக் கை நடுங்கியது, அவருக்கு இல்லை.

காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி என்ற கணக்கில், ஐந்து மணிக்கு ஆள் வந்து காங்கேயம் உறைவிந்தில் சினை ஊசி போட்டுவிட்டுப் போனார். இன்னும் இரண்டு கிடாரிகள் பாக்கி. சினை நிற்கும் வரை ஒவ்வொரு 21 நாளுக்கும் இந்த இரவு திரும்பி வரும்.

பிப்ரவரி 8, வியாழன்

முடிவு வந்துவிட்டது. துரை சுத்தம். நம் மாடுகள் 11-ம் சுத்தம். க.பரமத்திக்காரரே போன் செய்தார்.

"அக்கா, எங்களுதுல ஒண்ணுக்கு வந்திருக்குங்க. அதே மாடுதானுங்க."

"மத்ததுங்க?"

"இப்போதைக்கு இல்லைங்க. மறுபடியும் ரத்தம் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாருங்க."

நான் சொல்லத் தயங்கியதை அவரே சொல்லிவிட்டார். "துரையைக் கேக்கறது தப்புங்கக்கா. வேண்டாமுங்க." அவர்கள் கொடுத்திருந்த முன்பணம் 5,000-ஐத் திருப்பி அனுப்பினேன். எல்லா மாடும் திரும்பத் திரும்பச் சுத்தம் என்று வரும் வரை சினை ஊசியோடு போகச் சொன்னேன், அந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னேன். அந்த மாட்டைச் சந்தையில் தள்ளிவிட யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள் என்றும் சொன்னேன். இன்னொருவர் பட்டிக்கு அது போகும். "நாங்க அப்படிச் செய்ய மாட்டோமுங்க" என்றார். நம்புகிறேன். மாட்டின் காலை முதலில் பார்த்தவர் அவர்.

மோட்டார் இன்னும் முனகுகிறது.

பிப்ரவரி 12, திங்கள்

அப்பாவின் சேக்காளி ஒருவர் மூலனூரில் இருக்கிறார். அவர் பட்டியிலும் இதே சிக்கல்: காளை நல்ல காளை, மகள்கள் பருவத்தில் நிற்கிறார்கள். அது வேறு வழி வந்த காளை, நாலு தலைமுறை வரை இவர்களுக்கு வாய்ப்பாடம். அப்பா காலையில் போனில் பேசினார். மதியம் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. காளைக்குக் காளை, இரண்டு வருடம், பணம் இல்லை.

நான் நுழைந்து மூன்று விஷயம் கேட்டேன். இரண்டு பட்டிக்கும் முழு ரத்தப் பரிசோதனை. வந்த காளை 30 நாள் தனிக் கட்டுத்தரையில், தனித் தாழியில். இந்த இரண்டு வருடத்துக்கு வெளி மாடு கிடையாது, இரண்டு இடத்திலும். அந்தக் கடைசி விஷயத்தில்தான் கொஞ்சம் இழுத்தது. எனக்கு வருடத்துக்கு 42,700 போகிறது, அவருக்கு அதைவிட அதிகம் போகும். "அம்மிணி சொல்றது சரிதான்" என்று அந்தப் பெரியவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. சேக்காளிகளுக்குள் எதுக்குத் தாள் என்று அப்பாவுக்கு வருத்தம். நாளைக்கு இரண்டு பேரும் இல்லாமல் போனால் எங்கள் தலைமுறை பேசவேண்டியிருக்கும், அதுக்குத்தான் என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

இரண்டு பட்டி ரத்தமும் சுத்தம் என்று வந்தது. பிக்கப் வண்டியில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, பலகை சாய்த்தோம். துரை பலகையில் முன்னங்காலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நாலு பேர் கயிற்றை இழுத்தும் ஏறவில்லை. அப்பா எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, முன்னால் ஏறி நின்று, சும்மா திரும்பி நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். பின்னாலேயே ஏறிவிட்டான்.

வந்த காளை செவலைக் கலப்பு இல்லாத சுத்த மயிலை, கழுத்து மட்டும் கருப்பு. புதுத் தாழியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கொஞ்சம் தவிடு தூவிப் பார்த்தேன், அப்பவும் இல்லை.

ஏழு மணிக்கு மூலனூரில் இருந்து போன். துரை தண்ணீர் குடித்துவிட்டானாம். அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இந்தக் காளையின் தாழியைப் பார்க்கப் போயிருக்கிறார்.