"எப்பப் பார்த்தாலும் இப்படித்தான், டீச்சர்"

வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய், மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கவனித்து வரும் சிறப்பாசிரியை நான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு பிள்ளையின் சேட்டையைப் பற்றி முதலில் காதில் விழுவது மேலே தலைப்பில் இருக்கும் வரிதான். எப்பவுமே என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பிரேயரிலா, கணக்கு நேரத்திலா, சாப்பாட்டு மணிக்கு முன்னாலா என்று தெரிந்தால்தான் என் வேலை தொடங்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். ஆட்டிசம், ஓரிரு சொற்களுக்கு மேல் பேச்சு வராது. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுப்பான், கொத்தாகக் கையோடு வந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "கொழுப்பு" என்றார் ஒருவர். "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றார் இன்னொருவர்.

வகுப்பாசிரியையிடம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். இழுப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே அப்புறம் என்ன நடந்தது. 'வேண்டுமென்றே இழுத்தான்' என்றெல்லாம் வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது லேசான வேலையில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார், ஆனால் எழுதினார்.

முதல் கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒன்றே வந்தது: "போர்டைப் பார்த்து எழுதச் சொன்னேன்." பாட்டு நேரத்தில், விளையாட்டு நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் கட்டம் இன்னும் சுவாரசியம்: "வெளியே அனுப்பினேன்." வெளியே என்றால் சத்துணவுக் கூடத்துத் திண்ணை. அங்கே ஆயா பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். இவனுக்கும் உரிக்க ஒரு பிடி கொடுப்பார். எழுத்து வேலையும் போச்சு, பேச்சுத் துணையும் ஆச்சு. நாம் தண்டனை என்று கொடுத்தது அவனுக்குச் சம்பளம்.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் நான்கு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாடம் கடினமாக இருப்பதால் கத்தும் பிள்ளைக்கு 'எனக்குப் புரியல' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனிப்பு கிடைக்காமல் கத்தும் பிள்ளைக்கு 'நான் சரியா செய்றேனா' என்று கேட்க. காரணத்துக்குப் பொருந்திய வாக்கியம் கிடைத்தபோது சேட்டை குறைந்தது, பொருந்தாதது கிடைத்தபோது குறையவில்லை.

நம் மூன்றாம் வகுப்புப் பையனுக்குப் பேச்சு வராது, அதனால் வாக்கியத்துக்குப் பதில் உள்ளங்கை வரைந்த ஓர் அட்டை. அதை நீட்டினால் கொஞ்ச நேரம் ஓய்வு. "கேட்டதும் விட்டுட்டா அடம் கூடாதா?" என்றார் தலைமையாசிரியர். இத்தனை நாளும் விட்டுக்கொண்டுதானே இருந்தோம் சார், நடுவில் ஒரு பிள்ளையின் முடிதான் போனது என்றேன். ஒன்றில் மட்டும் கறாராக இருந்தோம்: முகம் சுருங்கத் தொடங்கும்போதே அட்டையைக் கையில் தந்துவிட வேண்டும். இழுத்த பிறகு தந்தால், இழுத்தால்தான் அட்டை வரும் என்று படித்துக்கொள்வான். கூடவே பென்சிலையும் தடிமனாக மாற்றினோம். அவன் விரல்களுக்கு அவ்வளவாகப் பிடிமானம் இல்லை.

எல்லாவற்றுக்கும் அட்டை கிடையாது. வேறொரு பள்ளியில் ஒரு சிறுமி காதிலேயே அறைந்துகொள்வாள். தனியாக இருந்தாலும் அப்படித்தான், கூட்டத்தில் இருந்தாலும் அப்படித்தான். நோட்டில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. டாக்டர் பார்த்தபோது காதுக்குள் சீழ். பேசத் தெரியாத பிள்ளை திடீரென்று முரண்டு பிடித்தால் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள் என்று பெற்றோரிடம் நச்சரிப்பது அதனால்தான்.

பையன் இப்போது அட்டையை எடுத்ததற்கெல்லாம் நீட்டுகிறான், வகுப்பாசிரியைக்கு அது புதுத் தலைவலி. இரண்டு எழுத்து எழுதினால் அட்டை, அது பழகியதும் நான்கு என்று மெல்லக் கூட்டிக்கொண்டு போகிறோம். பரீட்சை வருகிறது. வினாத்தாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.