யார் கூட்டுகிறார்கள்?

கொழும்பில் இருந்து வருகிறவர்களிடம் "எங்கள் தலைநகரைச் சுற்றிக் காட்டுகிறேன், வாங்கோ" என்றால் சிரிக்கிறார்கள். நான் பகிடிக்குச் சொல்வதில்லை. திருகோணமலை, எங்கள் வாயில் திருமலை, கிழக்கு மாகாணத்தின் தலைநகர். 1988 இல் வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக்கியபோது அதற்கும் இதுதான் தலைநகர், 2007 இல் பிரித்த பிறகும் இதுதான். வேறு சிலருடைய கனவிலும் இதுதான் தலைநகராக இருந்தது. அதை ஆட்களை ஏற்றிப்போகும் வானுக்குள் நான் கதைப்பதில்லை. மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. சபை இல்லாவிட்டால் என்ன, ஒரு தலைநகரில் இருக்கவேண்டிய மற்றதெல்லாம் எங்களிடம் உண்டு: கோட்டை, தூண், சிலை, கல்லறை, மணிக்கூட்டுக் கோபுரம். மேலதிகமாக மான்கள்.

இந்த வழிகாட்டி வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருசம் ஆங்கில ரியூசன் கொடுத்தேன். அதனால் வான் ஓட்டும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை இன்னும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கிண்ணியாக்காரர். கோட்டைக்குள் மான்களுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று வந்தவர்களுக்கு மூன்று மொழியிலும் சொல்லுவார். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் தன் கையில் இருக்கும் வாழைப்பழத் தோலை ஒரு மானுக்கு நீட்டுவார்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஒரு கல்தூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண்ணின் பெயரும் 1687 என்ற வருசமும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காதலன் அவளைக் கைவிட்டுக் கப்பலேறிப் போகிறான், அவள் இந்த உச்சியில் இருந்து கடலில் குதிக்கிறாள். 'லவர்ஸ் லீப்' என்று எல்லாப் பயணப் புத்தகத்திலும் இருக்கும். இந்தக் கதையை எட்டு வருசம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. கடலுக்குக் கையை நீட்டி, "அந்தா, அந்த முனையில்தான் பாய் மறைந்தது" என்று குரலைத் தாழ்த்துவேன். காற்றும் சரியான நேரம் பார்த்து அடிக்கும். பத்துப் பேரில் இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள்.

ஒருநாள் நெதர்லாந்தில் இருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். நான் பாயை மறைய விட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூணில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நினைவாக என்று இருக்கிறது. குதித்தாள் என்று எங்கே இருக்கு?" என்று கேட்டார். எனக்கு டச்சு தெரியாது. அன்றிரவு வீட்டில் இருந்து தேடித் தேடி வாசித்தேன். பழைய டச்சு ஆவணங்களைப் பார்த்தவர்கள், அந்தப் பெண் குதிக்கவும் இல்லை, சாகவும் இல்லை, பிறகு கலியாணம் முடித்து வாழ்ந்திருக்கிறாள் என்று எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பப் பெண்ணைக் கிழமைக்கு மூன்று தரம், எட்டு வருசமாக, நான் கடலில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த அடி வெலிங்டன் வீட்டில் விழுந்தது. கோட்டைக்குள் இருக்கும் அந்தப் பழைய வீட்டில் ஆர்தர் வெல்லஸ்லி தங்கினார், பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் அவர்தான், இங்கே காய்ச்சலில் படுத்ததால் தன் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் செங்கடலில் எல்லாரோடும் மூழ்கியது, ஆகவே திருமலைக் காய்ச்சல் இல்லாவிட்டால் ஐரோப்பாவின் சரித்திரமே வேறு. எவ்வளவு அழகான கதை! அவர் இங்கே வந்தது உண்மை. 'சுசானா' என்ற கப்பல் 1801 இல் மூழ்கியதும் உண்மை. காய்ச்சல் வந்தது மட்டும் பம்பாயில்.

நானாவிடம் சொல்லிக் கவலைப்பட்டேன். ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "உண்மய மட்டும் சொன்னா டிப்ஸ் குறையும் டீச்சர். ரெண்டையும் சொல்லுங்க. முதல்ல கதய சொல்லி அழ வைங்க, பொறகு உண்மய சொல்லி சிரிக்க வைங்க." செய்து பார்த்தேன். டிப்ஸ் கூடிவிட்டது.

ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு கல்லைப் பார்த்து வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. கல்லை நட்டவர் தனக்குப் பிடித்ததை எழுதுகிறார், நான் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன், நடுவில் செத்தவர் என்ன நினைப்பார்? அம்மா உயிரோடு இருந்த காலத்தில், எங்களுக்குச் சம்பந்தம் பேசப் போகிற வீடுகளில் ஆட்களைப் பார்க்கமாட்டா, முற்றத்தைத்தான் பார்ப்பா. கூட்டியிருக்கா, எப்போது கூட்டியது, கூட்டின குப்பை எங்கே கிடக்கு. அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. இப்போது எந்த நினைவிடத்துக்குப் போனாலும் முதலில் நிலத்தைத்தான் பார்க்கிறேன்.

கோட்டை வாசலில் இருந்து தொடங்கலாம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர், 1782 இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், 1795 இல் இங்கிலீசுக்காரர். 1803 இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள், அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. வாசல் நிலைக்கல்லில் தமிழ் எழுத்துகள் கொஞ்சமும் இரட்டைக் கயல் சின்னமும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி வந்து பிரிப்பான் என்று அந்தக் கல்வெட்டு சொல்வதாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே பாடம். அதில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகள் சொற்பம், மீதியை வாய்வழியாகப் பாடிக் காப்பாற்றியிருக்கிறோம். கோட்டைக்குள் இன்றைக்கும் இராணுவம் இருக்கிறது. வாசலைக் கூட்டுவதும் அவர்கள்தான், தினமும், நேர்கோடு நேர்கோடாக. தமிழ்க் கல்வெட்டை வாசிக்கத் தெரியாத ஒரு சிப்பாய்த் தம்பி அதன் அடியில் சேர்ந்த மணலை வாரி எடுப்பதை ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை சுத்தம். என்ன சொல்வதென்று தெரியவில்லை, "தாங்ஸ் மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொன்னேன்.

மேலே கோயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளியே வந்ததும், 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் இறங்கி இடிந்த கோயிலின் தூண்களைப் பார்த்ததும், 1963 இல் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததும் எல்லாருக்கும் தெரியும். கூட்டுவதற்கு அங்கே ஆள் பஞ்சம் இல்லை. கூட்டக் கூட்டத் தேங்காய்ச் சிதறல்.

எதிர்மாறாக, எஸ்பிளனேட் மைதானத்துப் பக்கம் இருக்கும் பழைய இங்கிலீசுக் கல்லறைத் தோட்டம். ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின் அங்கேதான் இருக்கிறார். கடற்படைத் தளபதி. 1852 இல் பர்மாப் போரில், ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது கொலரா வந்து செத்தார். அக்காவின் நாவல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்கள் வருசத்துக்கு நாலைந்து பேராவது வந்து கேட்பார்கள். அதே தோட்டத்தில் பேர்சி மோல்ஸ்வேர்த் என்று ஒருவர். அவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை. எனக்கோ அவரைத்தான் பிடிக்கும். கொழும்பில் பிறந்தவர், இராணுவப் பொறியியலாளர். இரவில் திருமலை வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டே இருந்தவர். 1901 இல் வியாழனில் ஒரு பெரிய குழப்பத்தைக் கண்டுபிடித்தார். 1908 இல் செத்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர். செவ்வாயில் பெயர் இருக்கிறவருக்கு இங்கே முழங்கால் அளவு புல். நான் போகிறபோது ஒரு பசு நின்றால் சந்தோசம், அது கொஞ்சம் வேலை செய்திருக்கும்.

அலஸ்தோட்டம் தாண்டி நிலாவெளி போகிற வழியில் உலகப் போர்க் கல்லறை. அங்கே வானால் இறங்கிய எல்லாருக்கும் குரல் தானாகக் குறையும். முந்நூறுக்கு மேற்பட்ட கற்கள், ஒரே அளவு, ஒரே இடைவெளி, நடுவில் பூச்செடி, புல் வெட்டி வெட்டி மெத்தை மாதிரி. நான் அங்கே கதையே சொல்வதில்லை. பெயர், பதவி, திகதி, வயது என்று கல்லே சொல்லிவிடுகிறது. 1942 ஏப்ரல் 9 என்ன நாள் என்று மட்டும் சொல்லுவேன். அன்று காலை ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'ஹெர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் பிடித்து மூழ்கடித்தன. அதில் மட்டும் 307 பேர். துறைமுகத்துக்குள் எரிந்துபோன 'சகாயிங்' என்ற கப்பல் அடியிலேயே கிடந்து, 2018 இல்தான் கடற்படை அதை மேலே எடுத்தது.

அந்த நாளின் இன்னொரு துண்டு சீனன்குடாவில். எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் ஒரு ஜப்பான் விமானம் விழுந்து, ஏழு நாள் எரிந்ததாம். உருகிச் சுருண்ட இரும்பு இன்னும் அங்கே இருக்கிறது. 101 தாங்கியில் இப்போது 99. நானாவின் வாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. "வாப்பா சொல்லுவாரு, பகலும் ராவும் வித்தியாசம் தெரியலியாம். கோழியெல்லாம் கூடடையாம முழிச்சிக்கிட்டே நின்னிச்சாம்" என்பார் நானா. இருபது தரமாவது கேட்டிருப்பேன். என் எல்லாக் கதையையும் விட இந்தக் கோழிதான் வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

மூதூருக்குப் பாலங்கள் தாண்டிப் போக நேரம் கிடைத்தால் வெள்ளைக்காரன் மரத்தடி. 'ஆன்' என்ற கப்பலின் தலைவர் ரொபர்ட் நொக்ஸையும் அதே பெயருள்ள மகனையும் கண்டி அரசனின் ஆட்கள் கொட்டியாரக் குடாப் பக்கத்தில்தான் பிடித்தார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே செத்துப்போக, மகன் 1679 இல் தப்பி ஓடினார். நினைவுக் கல் 1893 இல் வைத்தது. அங்கே கூட்டுவது ஆடுகள்.

சரி, சுற்றுலாப் பட்டியலில் இல்லாத இடங்களுக்கு வருகிறேன். சந்தைப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரம். 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினம். அதற்கு முந்தின வருசம்தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்திருந்தது. அன்று கோபுரத்தில் கறுப்புக் கொடி கட்ட ஏறிய நடராஜன் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றார்கள். வந்தவர்கள் அங்கே மாம்பழம் வாங்குவார்கள். அருகில் யாராவது "இது என்ன கோபுரம்?" என்று கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டால் மாம்பழத்துக்கு விலை பேசுவேன். 2005 மே மாதம் அந்தப் பக்கத்தில் ஒரே இரவில் ஒரு புத்தர் சிலை எழும்பி, ஊரே ஹர்த்தாலில் கிடந்ததையும் கேட்டால்தான் சொல்லுவேன். இந்த ஊரில் ஒரு சிலை வைக்க ஓர் இரவு போதும்.

கடைசியாகக் கடற்கரை, காந்தி சிலையடி. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை அங்கே இருந்த மாணவர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2013 இல் விசேட அதிரடிப் படையினர் 13 பேரைக் கைது செய்தார்கள். 2019 இல் சாட்சியம் போதாது என்று எல்லாரையும் விடுவித்தார்கள். மாலையில் அந்த இடத்தில் கடலை வண்டியும் பட்டம் விடும் பிள்ளைகளுமாக நல்ல கலகலப்பு. வெளிநாட்டுக்காரர் படம் எடுக்கிற இடம். வருசத்துக்கு ஒருநாள் விளக்கு வைப்பார்கள்.

இந்த வருசம் ஜனவரி 3 விடிய ஆறு மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது, சூரியோதயம் பார்க்க வேண்டுமாம். ஆட்கள் இறங்கி மணலுக்குப் போய்விட்டார்கள். நான் மதிலடியில் நின்றேன். நகர சபைத் தொழிலாளி ஒரு அக்கா, தும்புத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு நிலத்தில் குந்தி இருந்து, பால்மா ரின் மூடியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தா. வெள்ளை மெழுகு, மணல் ஒட்டி, துண்டு துண்டாக வந்தது. சுரண்டிய துண்டுகளைக் குப்பை வாளிக்குள் போட்டா. பிறகு சிட்டி விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, மீந்த எண்ணெயை மணலில் கவிழ்த்து, திரியைப் பிடுங்கி, சீலைத் துண்டால் துடைத்தா. ஐந்தையும் மதிலுக்குப் பின்னால், கடல் தண்ணி எட்டாத ஒரு கல் இடுக்கில் கவிழ்த்து அடுக்கினா.

"ஏனக்கா, அதுகளையும் வாளிக்குள் போடலாமே?" என்றேன்.

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "வாற வருசம் தேடுவினம்" என்றா. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கடலை வண்டி நிற்கிற பக்கம் கூட்டப் போனா.