ஜன்னல்களை மூடிய இரவு

நவம்பர் 23, 2020, திங்கள்

தாழ்வு மண்டலம் புயலானால் நிவர் என்று பெயராம். ஈரான் கொடுத்த பெயர்.

எங்கள் கொரோனா வார்டின் ஜெனரேட்டர் தரைமட்டத்தில்தான் நிற்கிறது. அடியில் இரண்டு வரிசைச் செங்கல், அவ்வளவே.

நவம்பர் 24, செவ்வாய்

மதியம் 1 மணியோடு ஏழு மாவட்டங்களில் பஸ் நிறுத்தம், கடலூரும் அதில் ஒன்று. இரவுப் பணிக்காரர்கள் காலையிலேயே பையோடு வந்துவிட்டார்கள். மாற்று ஆள் வராவிட்டால் கவச உடையைக் கழற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சிலிண்டர் அறையில் அண்ணனோடு கணக்குப் பார்த்தேன். பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர். பை வைத்த மாஸ்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் ஏழே முக்கால் மணி நேரம். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் 60 ஓடினால் இரண்டு மணி நேரம்கூட வராது. எங்களிடம் திரவ ஆக்சிஜன் தொட்டி இல்லை. இருந்தால் மின்சாரம் போனாலும் அது தானே ஆவியாகிக் குழாயில் ஏறும். எங்களுக்கு எல்லாமே லாரியில்தான் வர வேண்டும், லாரிக்குச் சாலை வேண்டும். சாலையில் மரம் விழுந்தால்? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் "பார்த்துக்கொள்ளலாம் சிஸ்டர்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

சித்திரைப்பேட்டை அக்காவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பட்டியலில் பெயர் வந்தது. அவருடையது கூரை வீடு. முகாமுக்குப் போனால் பள்ளிக்கூட அறையில் நூறு பேர் நடுவே எங்கே படுப்பார்? டாக்டரிடம் சொன்னேன். பெயரை அடித்துவிட்டார். நல்ல மனிதர்.

நவம்பர் 25, புதன்

பொது விடுமுறை. எங்களுக்கு ஏது?

மார்ச்சிலிருந்து ஜன்னலைத் திற, காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. இன்று மாலை நானே ஒவ்வொன்றாகத் தாழ் போட்டேன். கண்ணாடி இல்லாத இரண்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். அறைக்குள் மூச்சு அப்படியே தேங்கி நிற்பது முகக்கவசத்தைத் தாண்டித் தெரிகிறது. புயலிடமிருந்து காப்பாற்றும் ஜன்னல் நோயிடம் பிடித்துக் கொடுக்கிறது.

அம்மாவைத் தேவனாம்பட்டினத்திலிருந்து முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். போனில் சாப்பாட்டைப் பற்றியே பேசினாள். மாஸ்க் போட்டிருக்கிறாயா அம்மா என்று கேட்டேன். "எல்லோரும் கழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள்" என்றாள்.

நவம்பர் 26, வியாழன்

நள்ளிரவுக்கு முன் கரையைத் தொட்டது, புதுச்சேரி பக்கம், மரக்காணத்தை ஒட்டி. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் என்றார்கள். 2011-இல் தானே புயல் அடித்தபோது வீட்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நேற்று பதினோராம் படுக்கை ஐயாவின் கை.

மின்வாரியத்தினர் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். விளக்கு அணைந்து ஜெனரேட்டர் பிடிக்கும்வரை சில நொடிகள். வென்டிலேட்டருக்கு உள்ளே பேட்டரி உண்டு. எங்கள் ஹை ஃப்ளோ கருவிக்குக் கிடையாது. அதனால் ஐயாவின் தலைமாட்டில் தனிச் சிலிண்டரும் பை வைத்த மாஸ்கும் தயாராக வைத்து, இருட்டானதுமே முகத்தில் அழுத்திவிட்டேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கி, மீண்டும் 93. ஐயா குப்புறப் படுத்தபடியே "காற்று போய்விட்டதா?" என்று கேட்டார். எந்தக் காற்றைக் கேட்டாரோ.

நவம்பர் 27, வெள்ளி

தூங்கினேன்.

நவம்பர் 29, ஞாயிறு

கார்த்திகை தீபம். சித்திரைப்பேட்டை அக்கா வீட்டுக்குப் போனார். கூரை இருக்கிறதாம், பாதி.

எல்லோரும் தப்பித்தோம் என்கிறார்கள். ஜெனரேட்டரைச் சுற்றி அடுக்கிய மணல் மூட்டைகளை அள்ளப் பார்த்தார்கள், நான் விடவில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு ஏறியபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டருக்குள் தண்ணீர் போய், தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. காற்றின் வேகத்தை வைத்து ஊர் புயலை அளக்கிறது. மருத்துவமனைக்கு அது அளவே இல்லை. தண்ணீர் எத்தனை செங்கல் ஏறுகிறது, டீசல் எத்தனை மணிக்கு வரும், இதுதான்.

டிசம்பர் 2, புதன்

இப்போது புரெவி புயல். இன்றிரவு திரிகோணமலைப் பக்கம் கரையேறுகிறது. அங்கும் வார்டுகள் நிரம்பித்தானே இருக்கும்.

டிசம்பர் 3, வியாழன்

மழை. மழை. மழை.

டிசம்பர் 4, வெள்ளி

வலுவிழந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொல்கிறது. வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நின்றுகொண்டே கொட்டுகிறது. சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர்.

முதல் செங்கல் மூழ்கிவிட்டது. மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், அந்த மோட்டாரும் இதே ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. ஐயாவுக்கு இன்று 94, ஹை ஃப்ளோவை 40-க்குக் குறைத்திருக்கிறார்கள். மாலைக்குள் சாதா மாஸ்குக்கு மாற்றிவிட்டால் மின்சாரம் இல்லாமலும் அவரால் தாங்க முடியும் என்று டாக்டரிடம் மூன்றாம் முறையாகச் சொல்லப் போகிறேன். அம்மா மறுபடியும் முகாமில். சிலிண்டர் வண்டி ஆலப்பாக்கத்தில் நிற்கிறதாம், டிரைவர் எடுக்க