அவசரகாலம் முடிந்தது என்கிறார்கள்: கொழும்புக் குறிப்புகள்

22 ஜூலை 2022

விடியுமுன்னே காலிமுகத்திடலுக்குள் இராணுவம் புகுந்துவிட்டது. இன்று பிற்பகல் ஜனாதிபதி செயலகத்தைக் கையளிப்பதாக, கோட்டாபய ராஜபக்சவை விரட்டிய போராட்டக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதுவரை பொறுக்கவில்லை. ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகப் பதவியேற்று ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. சட்டம் ஒழுங்கை மீட்கிறார்களாம். இருட்டில் தடியோடு வந்து மீட்கிற சட்டம் எது என்று எனக்குப் புரியவில்லை.

27 ஜூலை

ரணில் அறிவித்த அவசரகாலத்துக்குப் பாராளுமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆதரவு 120, எதிர்ப்பு 63. எங்கள் வீட்டில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீடு வந்ததா, பெற்றோல் கிடைக்குமா என்பதுதான் பேச்சு.

23 ஆகஸ்ட்

அவசரகாலம் 18ஆம் திகதி காலாவதியானது. நல்லது என்று நினைத்தோம். அதே நாள் மாணவர் ஊர்வலத்தில் பிடித்தவர்களில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே உட்பட மூவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 90 நாள் தடுத்து வைக்க ரணில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வெள்ளவத்தை சலூனில் இன்று இதே கதைதான். பக்கத்துக் கதிரையில் இருந்த சிங்களப் பையன், "90 நாள் முடிந்தால் விடுவார்கள்தானே?" என்று கேட்டான். சலூன்கார அண்ணை கத்தரிக்கோலை நிறுத்தவேயில்லை. "இல்லை மல்லி (சிங்களத்தில் தம்பி), நீட்டலாம். இப்போது ஒரு வருஷம் வரைக்கும். மார்ச்சில் திருத்தும் முன்னம் ஒன்றரை வருஷம்." சட்டத்தரணி மாதிரிச் சொன்னார். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம். இந்தச் சட்டத்தை அனுபவித்தே அறிந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. பையன் அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினான். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்குமா, பிணை யார் கொடுப்பது... வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடி வெட்டி முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை. இந்தக் கேள்விகளைத் தெற்கில் நாற்பது வருஷத்துக்கு முன்னமே கேட்டிருக்கலாம். சரி, இப்போதாவது கேட்கிறார்கள்.

2 அக்டோபர்

கொழும்பின் பல இடங்களை உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கிய வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பை வாபஸ் வாங்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றச் சுற்றாடலையும் அதற்குள் அடக்கியிருந்தார்கள்! சட்டத்தரணிகள் சங்கம் தொடங்கி எல்லோரும் சத்தம் போட்டதில் பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பாராளுமன்ற வாக்கெடுப்புகளைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

21 அக்டோபர்

அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் நிறைவேறியது. இரண்டாம் வாசிப்பில் 179 பேர் ஆதரவு, ஒரேயொருவர் எதிர்ப்பு. உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவை, 2020இல் பறித்தது, திரும்பி வருகிறது. இரட்டைக் குடியுரிமைக்காரர் பாராளுமன்றம் போக முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. முதலிகே இன்னும் உள்ளேதான்.